குரற் கொடையும் குரல் வாணிபமும்

இலக்கியத்தைப் பொதுமக்களின் உடைமையாக்குதல் பற்றி நாம் பேசும்போதெல்லாம் பெரும்பாலும் நூலைப் பற்றியே பேசுகின்றோம். நூலின் விலை, நூலகங்களின் குறைவு, எழுத்தறிவு, பாடத்திட்டம் ஆகியன எம்மிடையே அடிக்கடி விவாதிக்கப்படுவன. குரலைப் பற்றிய விவாதமோ அரிது. ஒரு கவிதையை உரக்கப் படித்துப் பிறருக்கு வழங்கும் உரிமை யாருக்கு உண்டு? எந்த உச்சரிப்பு கவிதைக்குத் தகுதியான உச்சரிப்பு? படித்து வழங்கப்பட்ட குரல் பின்னர் யாருடைய சொத்தாகின்றது? இம்மூன்று வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இவற்றை வெறுங் கொள்கையளவில் ஆராய்வதைக் காட்டிலும், ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நடைமுறையில் இயங்கிவரும் ஒரு முயற்சியை முன்வைத்து ஆராய்தல் பயனுடையது. லிப்ரிவொக்ஸ் என்னும் தொண்டர் அமைப்பையே இங்கு கருதுகின்றோம்.

2005 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே, கனடாவின் மொன்றியல் நகரைச் சேர்ந்த எழுத்தாளர் ஹியூ மக்குவாயர் இம்முயற்சியைத் தொடக்கி வைத்தார். பதிப்புரிமைக் காலம் கழிந்து பொதுவுடைமையாகிவிட்ட நூல்களைத் தொண்டர்கள் உரக்கப் படித்துப் பதிவு செய்தல், அப்பதிவுகளை இணையத்தின் வழியாக எவர்க்கும் இலவசமாக வழங்குதல் என்பதே அதன் நோக்கம். முதன்முதலில் ஜோசப் கொன்ராட்டின் நாவலொன்றை எடுத்துக்கொண்டு, அதிகாரங்களைப் பங்கிட்டுப் பலர் படித்தனர். 2021 ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வமைப்பின் பட்டியலில் 16,000 க்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. நாவல்கள், கட்டுரைகள், நாடகங்கள் ஆகியவற்றோடு கவிதையும் அதிலே சிறப்பானதோர் இடத்தைப் பெற்றுள்ளது.

வேலை நடைபெறும் முறை எளிமையானது. மூலபாடங்கள் பெரும்பாலும் குட்டன்பேர்க் திட்டத்திலிருந்து பெறப்படுவன. 1971 இல் அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் மைக்கல் ஹாட் என்னும் மாணவர் நூல்களைக் கணினியில் ஏற்றத் தொடங்கியதன் விளைவே அத்திட்டம். தொண்டர் ஒருவர் தாம் விரும்பும் பகுதியைப் பொறுப்பேற்று, தமது வீட்டில், தமது ஒலிவாங்கியில், தமது ஓய்வுநேரத்தில் படித்துப் பதிவு செய்கின்றார். மற்றொரு தொண்டர் அதனைக் கேட்டுச் சரிபார்க்கின்றார். வேறொருவர் பகுதிகளைத் தொகுத்துப் பட்டியலில் சேர்க்கின்றார். ஊதியம் எவர்க்கும் இல்லை, விளம்பரமும் இல்லை. பதிவான குரலின்மீது தமக்குள்ள உரிமை அனைத்தையும் படித்தவரே முன்கூட்டித் துறந்து விடுகின்றார். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் அது பொதுவுடைமை என்னும் அறிவிப்பு ஒலிக்கின்றது.

இதன் புதுமையை உணர்வதற்கு முந்திய நிலையைச் சற்று நோக்குதல் வேண்டும். ஒலிப்பதிவுக் கருவி கண்டுபிடிக்கப்பட்ட சில ஆண்டுகளுக்குள்ளேயே கவிஞர்களின் குரல்கள் மெழுகுருளைகளில் ஏறின. 1889 இல் றொபேட் பிறௌனிங் தமது கவிதையொன்றைச் சொல்லத் தொடங்கி, நடுவில் அடிகளை மறந்து, மன்னிப்புக் கேட்டதும் அவ்வாறே பதிவாயிற்று. அடுத்த ஆண்டிலே தெனிசனின் குரல் பதிவு செய்யப்பட்டது. அரசவைக் கவிஞருக்கும் புகழ்பெற்ற பெரியோருக்குமே அக்காலத்தில் அந்த உருளை உரியதாயிருந்தது. 1930 களில் அமெரிக்காவிலே பார்வையற்றோருக்கான பேசும் நூல்கள் அரசின் ஆதரவுடன் தோன்றின. அவற்றைக் கேட்கும் உரிமையோ பார்வையற்றோருக்கு மட்டுமே வழங்கப்பட்டிருந்தது. 1952 இல் நியூயோர்க் நகரில் இளம் பெண்கள் இருவர் நிறுவிய கட்மன் இசைத்தட்டு நிறுவனம் டிலன் தோமஸ் முதலியோரின் வாசிப்புக்களை விற்பனைக்குக் கொணர்ந்து, கவிதைக்குப் பெருந்தொகையான கேட்போரைத் தேடித் தந்தது. அதன் பணி போற்றத்தக்கதே. ஆயினும் அங்கும் பேசியவர் கவிஞர், அல்லது பெயர்பெற்ற நடிகர். ஏனையோர் காசு கொடுத்துக் கேட்பவர். கேட்பவன் தானும் படிக்கலாம், தன் குரலும் ஒருவருக்குப் பயன்படலாம் என்னும் எண்ணத்துக்கு ஓர் அமைப்பு வடிவம் கிடைத்தது 2005 க்குப் பின்னரேயாகும்.

இவ்வமைப்பின் கவிதைப் பணியிலே எமது கவனத்துக்குரியது, ஒரே கவிதையைப் பலர் படிக்கும் வழக்கம். கிழமைக்கு ஒரு சிறு கவிதை தெரிவு செய்யப்படுகின்றது. விரும்பியவர் எவரும் அதனைப் படித்து அனுப்பலாம். வந்த வாசிப்புக்கள் யாவும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. சிறந்தது இது என்று ஒன்றைப் பொறுக்கி மற்றவற்றை ஒதுக்குவதில்லை. பரிசில்லை, வரிசையில்லை.

கவிதையைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இது பெரியதொரு பாடம். அடியின் முடிவிலே நிறுத்துவதா, பொருளின் முடிவிலே நிறுத்துவதா என்பது கவிதை வாசிப்பின் அடிப்படைச் சிக்கல்களுள் ஒன்று. கண்பார்வை இழந்த மில்ரன் பிறருக்குச் சொல்லி எழுதுவித்த பெருங்காவியம் 1667 இல் வெளிவந்தது. அதிலே பொருள் அடியைத் தாண்டி அடுத்த அடிக்குள் ஓடும். அடிதோறும் நின்று படிப்பவர் வாயிலே அதன் வாக்கியம் முறிகின்றது. நில்லாது ஓடுபவர் வாயிலே அது செய்யுளாக ஒலிக்காது உரைநடையாகி விடுகின்றது. தமிழிலும் இச்சிக்கல் உண்டு. வெண்பாவைச் சீர் சீராக ஓதினால் ஓசை நிற்கும், சொல் உடையும். சொல் பிரித்துப் படித்தால் பொருள் விளங்கும், தளை மறையும். இவ்விரண்டுக்குமிடையே ஒவ்வொரு வாசகனும் தனக்கென ஒரு தீர்வைக் காணவேண்டும். ஒரே கவிதையைப் பத்துப் பேர் படிக்கக் கேட்கும்போது அத்தீர்வு ஒன்றல்ல என்பது செவிக்குப் புலனாகின்றது. ஒருவர் வேகமாகக் கடந்த சொல்லிலே மற்றொருவர் தயங்கி நிற்கின்றார். முன்னவர் துயரமாகப் படித்ததைப் பின்னவர் ஏளனமாகப் படிக்கின்றார். கவிதையின் பொருள் நூலாசிரியனின் குறிப்புரையிலே முடிந்துவிடுவதில்லை என்று நாம் வகுப்பறையில் எவ்வளவு விரித்துரைப்பினும், இப்பத்துக் குரல்கள் உணர்த்துமளவுக்கு உணர்த்த இயலாது.

இதனை இயலச் செய்வது அவ்வமைப்பின் ஒரு விதியாகும். சரிபார்ப்பவர் எதனைச் சரிபார்க்கலாம், எதனைச் சரிபார்த்தல் கூடாது என்பது அங்கு தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளது. ஒரு சொல் இருமுறை ஒலித்தால், ஒரு வரி விடுபட்டால், இரைச்சல் மிகுந்தால், நீண்ட வெறுமை இருந்தால் அதனைச் சுட்டிக்காட்டித் திருத்துமாறு கேட்கலாம். படிக்கும் பாணியையும் உச்சரிப்பையும் படித்தவர் தாமே கருத்துக் கேட்டாலன்றி எவரும் குறைகூறுதல் ஆகாது. ஸ்கொத்லாந்து, இந்தியா, அமெரிக்காவின் தென்பகுதி என எப்பகுதியின் உச்சரிப்பும், ஆங்கிலத்தைப் பின்னர் கற்றுக்கொண்டவரின் உச்சரிப்பும் சமமாக ஏற்றுக்கொள்ளப்படுகின்றன.

இவ்விதி மேலோட்டமாக நோக்குவார்க்கு வெறும் பண்பு நயமாகத் தோன்றலாம். எமக்கு அது அவ்வாறு தோன்றவில்லை. இங்கிலாந்திலே ஒருவன் வாய் திறந்த மாத்திரத்தில் அவனுடைய வர்க்கம் தெரிந்துவிடும் என்பர். பொதுப் பாடசாலைகள் எனப் பெயர் சூட்டிக்கொண்ட செல்வர் பாடசாலைகளும், அவற்றின் வழிவந்த வானொலியும் ஓர் உச்சரிப்பைச் செம்மையான உச்சரிப்பு என நிலைநாட்டின. சுரங்கத் தொழிலாளியின் மகன் கவிதை படிக்க விரும்பினால் தன் தந்தையின் நாவை முதலில் துறக்கவேண்டியிருந்தது. அத்தகைய வரலாற்றையுடைய ஒரு மொழியிலே, உச்சரிப்பைக் கொண்டு எவரையும் மதிப்பிடோம் என ஓர் அமைப்பு விதி செய்தமை சனநாயகத்தின் பாற்பட்டது. கவிதையின் பெயரால் நெடுங்காலம் காக்கப்பட்டு வந்த வேலியொன்று அங்கு அகற்றப்பட்டது.

ஈழத்து வாசகருக்கு இப்பிரச்சினை புதியதன்று. 1960 களின் தொடக்கத்திலே மக்களின் பேச்சுவழக்கு இலக்கியத்தில் இடம்பெறலாமா என்பது பற்றி எழுந்த மரபுப் போராட்டத்தை நாம் அறிவோம். உழைக்கும் மக்களின் பேச்சை இழிசனர் வழக்கு என ஒதுக்க முனைந்தவர்களுக்கு முற்போக்கு எழுத்தாளர்கள் தமது படைப்பாலும் திறனாய்வாலும் விடையிறுத்தனர். சிறுகதையிலும் நாவலிலும் அவ்விடை நிலைபெற்றுவிட்டது. எனினும் அது எழுத்திலே பெற்ற வெற்றி. குரலிலே அவ்வெற்றி இன்னும் முழுமை பெறவில்லை. எமது பாடசாலைகளிலே நடைபெறும் பாவோதல் போட்டிகளை நோக்குக. மட்டக்களப்பு மாணவியும், மலையக மாணவனும், வன்னிச் சிறுவனும் மேடையேறும்போது தத்தம் வீட்டுத் தமிழை மேடைக்குக் கீழே விட்டுவிட்டே ஏறுகின்றனர். நடுவரின் செவிக்குப் பழகிய ஒரு வகை ஒலிப்பே திருத்தமான ஒலிப்பு என்னும் எண்ணம் அவர்களை அவ்வாறு செய்விக்கின்றது. ழகர, ளகர வேறுபாட்டைக் கற்பித்தல் வேறு. ஒரு பிரதேசத்தின் இராகத்தையே குற்றமாகக் கொள்ளுதல் வேறு. முன்னையது கல்வி, பின்னையது ஆதிக்கம்.

இவ்விடத்தில் ஒரு நியாயமான தடை எழுப்பப்படலாம். எவரும் எவ்வாறும் படிக்கலாம் என்றால் தரம் என்னாவது? லிப்ரிவொக்ஸ் பதிவுகளிலே உணர்ச்சியற்ற வாசிப்புக்கள் உள்ளன. பொருளைத் தவறாக விளங்கிக்கொண்ட வாசிப்புக்களும் உள்ளன. பெருங்காவியமொன்றிலே ஒரு பகுதி நயமாகவும் அடுத்த பகுதி வேறொருவரால் சலிப்பூட்டும் வகையிலும் படிக்கப்படுதல் உண்டு. ஏகாதிபத்தியத்தின் புகழ்பாடும் செய்யுளும் அடிமைத்தனத்தை எதிர்க்கும் செய்யுளும் அவ்வமைப்பின் விதிப்படி சமமான உரிமையுடையன. எவற்றுக்கும் முன்னுரை இல்லை. இவையெல்லாம் உண்மை. தரத்தைப் பற்றிய கவலை முற்போக்காளர்க்கு உரியதன்று என எவரேனும் கருதுவாராயின் அதனை நாம் ஏற்கமாட்டோம்.

ஆனால் திறனாய்வு எங்கே நிகழவேண்டும் என்பதே கேள்வி. வாசலிலே காவலிருந்து ஆட்களை உள்ளே விடாது தடுப்பதும் ஒருவகைத் தரக் கட்டுப்பாடு. எல்லோரையும் உள்ளே விட்டபின் எது நன்று, எது நன்றன்று, ஏன் என ஆராய்வதும் ஒருவகைத் தரக் கட்டுப்பாடு. முதலாவது வகையைத் தொண்டர்கள் கைவிட்டது சரியே. இரண்டாவது வகையை எவரும் மேற்கொள்ளாதிருப்பதுதான் குறை. நூல் மதிப்புரைக்கு எத்தனையோ பக்கங்கள் ஒதுக்கப்படுகின்றன. வாசிப்பு மதிப்புரை என ஒன்று வளரவில்லை. ஒரே கவிதையின் பத்து வாசிப்புக்கள் திறனாய்வாளனுக்குக் காத்துக் கிடக்கின்றன, அவன் வரவில்லை. இப்பழியைத் தொண்டர்மேற் சுமத்துதல் முறையன்று.

இனி உரிமை பற்றிய வினாவுக்கு வருவோம். தொண்டர்கள் எவற்றைப் படிக்கலாம் என்பதைத் தொண்டர்கள் தீர்மானிப்பதில்லை, சட்டம் தீர்மானிக்கின்றது. லிப்ரிவொக்ஸ் அமெரிக்கச் சட்டத்தையே அளவுகோலாகக் கொள்கின்றது. அந்நாட்டிலே 1922 இல் வெளியான நூல்கள் 75 ஆண்டுகள் கழிந்து 1998 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே பொதுவுடைமையாயின. 1923 இன் நூல்கள் அடுத்த ஆண்டிலே விடுதலை பெற்றிருக்கவேண்டும். ஆனால் 1998 இல் நிறைவேற்றப்பட்ட சட்டம் காலவரையை மேலும் 20 ஆண்டுகள் நீட்டியது. திரைப்பட, இசை நிறுவனங்களின் நலன்கள் அச்சட்டத்தின் பின்னணியிலே இருந்தமை மறைவானதன்று. அதன் விளைவாக 2019 ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி வரையில், வெளியான ஒரு நூல்கூடக் காலம் முடிந்து பொதுமக்களிடம் வரவில்லை. றொபேட் புறொஸ்ற் 1923 இல் வெளியிட்ட கவிதைகள் அன்றுதான் வந்தன.

இதன் பொருள் என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் கவிதை எழுச்சி 1920 களிலே நிகழ்ந்தது. குளோட் மக்கேயின் 1922 ஆம் ஆண்டுத் தொகுதி தப்பிப் பிழைத்து முன்னரே பொதுவாயிற்று. லாங்ஸ்ரன் ஹியூஸ் 1926 இல் வெளியிட்ட முதற் கவிதைத் தொகுதி, பழைய சட்டத்தின்படி 2002 இல் எவரும் படித்துப் பதியத்தக்கதாயிருக்க வேண்டியது. 2022 வரை காத்திருந்தது. அவர் இடதுசாரி இயக்கத்தோடு நெருங்கி நின்ற காலத்திலே, 1938 இல், ஒரு தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட அவருடைய சிறு தொகுதி, 95 ஆண்டுக் கணக்கின்படி 2034 இலேதான் விடுதலையாகும். எனவே இலவசக் குரற் களஞ்சியத்திலே விக்ரோறியாக் காலத்துத் தோட்டங்களும் தேவதைகளும் நிறைந்திருக்கின்றன. வேலையின்மையின் பெருந்துயரையும் பாசிசத்தின் எழுச்சியையும் பாடியவை அரிதாக இருக்கின்றன. இது தொண்டர்களின் இரசனைக் கோளாறு அன்று. அருகிலுள்ள நூற்றாண்டின் குரலைச் சந்தை தன் கையிலே வைத்திருக்கின்றது. தூரத்து நூற்றாண்டை மக்களுக்கு விட்டிருக்கின்றது.

தமிழிலும் இதற்கு நிகரான வரலாறொன்று உண்டு. அது ஒலிப்பதிவோடு நேரடியாகத் தொடர்புடையது என்பது பலருக்கு மறந்துபோயிற்று. 1921 இல் மறைந்த பாரதியின் பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமை வணிகர் கைக்குச் சென்றது. 1940 களிலே அது திரைப்பட அதிபர் ஏ. வி. மெய்யப்பன் வசமிருந்தது. 1948 இல் வெளிவந்த ‘பில்ஹணன்’ திரைப்படத்திலே பாரதி பாடலொன்று இடம்பெற்றமை குறித்து நாடகக் கலைஞர் ரி. கே. சண்முகம் சகோதரர்களுக்கும் உரிமை கோரியவருக்குமிடையே பிணக்கு மூண்டது. தேசத்தின் கவியை வாய்விட்டுப் பாடுவதற்குத் தனியொருவரின் அனுமதி வேண்டுமா என்னும் கேள்வி மக்கள் முன் எழுந்தது. எழுத்தாளரும் கலைஞரும் இயக்கம் நடத்தினர். 1949 இலே சென்னை அரசாங்கம் பாரதி படைப்புக்களின் உரிமையை ஏற்றுக்கொள்ள முன்வந்தது. மெய்யப்பனும் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். பின்னர் அவ்வுரிமை மக்கள் அனைவர்க்கும் உரியதாக்கப்பட்டது. காலம் கனியுமெனக் காத்திராது, போராடிப் பெற்ற பொதுவுடைமை அது. இன்று எந்தச் சிறுவனும் பாரதியைப் படித்துப் பதிவு செய்யலாம் என்றால் அதற்குப் பின்னால் ஓர் இயக்கம் உண்டு என்பதை மாணாக்கர் அறிதல் வேண்டும்.

ஈழத்துக் கவிதையின் நிலையையும் எண்ணிப் பார்க்கலாம். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டம் ஆசிரியரின் ஆயுட்காலத்தோடு மேலும் 70 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமையைப் பாதுகாக்கின்றது. கிராமத்து மக்களின் வாழ்வைப் பேச்சோசைக்கு மிக அணுக்கமான யாப்பிலே பாடிய மகாகவி 1971 இல் மறைந்தார். உரிமையாளரின் இசைவின்றி அவருடைய கவிதைகளைப் பதிவு செய்து வழங்குவதற்கு 2041 ஆம் ஆண்டு முடியும்வரை காத்திருக்கவேண்டும். செவிக்கென்றே எழுதிய கவிஞன் ஒருவனைச் செவியிலிருந்து இத்தனை காலம் விலக்கிவைக்கும் ஒரு முறை அவனுடைய நலனுக்கே செய்யப்பட்டது எனக் கூறுதல் விந்தையே. உரிமையாளரான குடும்பத்தாரை அணுகி, இசைவைக் கேட்டுப் பெறுதல் எமது இலக்கிய அமைப்புக்கள் செய்யத்தக்க காரியமாகும்.

மூன்றாவது வினாவே மிகச் சிக்கலானது. படித்து வழங்கப்பட்ட குரல் பின்னர் யாருடையது? எல்லா உரிமையையும் துறந்து கொடுத்த பொருளை எவரும் எதற்கும் பயன்படுத்தலாம். அதனை விற்கவும் செய்யலாம், விற்பவரும் உள்ளனர். தொண்டர்கள் இதனை அறிந்தே கொடுக்கின்றனர். ஆனால் 2005 இலே முதல் அதிகாரங்களைப் படித்தவர்கள் எதிர்பார்த்திருக்க முடியாத வேறொரு பயன்பாடு பின்னர் தோன்றியது. பேச்சைப் புரிந்துகொள்ளும் இயந்திரங்களுக்கு ஏராளமான மனிதப் பேச்சும், அதற்குரிய எழுத்துவடிவமும் தேவைப்பட்டன. பொதுவுடைமையான நூலும் பொதுவுடைமையான குரலும் ஒருங்கே கிடைக்கும் இடம் லிப்ரிவொக்ஸ் ஆயிற்று. 2015 இலே அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் ஆங்கில நூல் வாசிப்புக்களிலிருந்து ஏறத்தாழ 1,000 மணிநேரப் பேச்சைத் தொகுத்து ‘லிப்ரிஸ்பீச்’ என வெளியிட்டனர். 2019 இலே கூகிள் ஆய்வாளர்கள் இயந்திரத்தைப் பேசச் செய்வதற்கென ஏறத்தாழ 585 மணிநேரத்தைத் தொகுத்தனர். அதனையடுத்து பேஸ்புக் ஆய்வாளர்கள் ஏறத்தாழ 60,000 மணிநேரத்தைத் திரட்டினர்.

இங்கே எம்மைப் பெரிதும் சிந்திக்க வைப்பது லிப்ரிஸ்பீச் தொகுக்கப்பட்ட முறையாகும். ‘வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல்’ என்னும் வணிகப் பத்திரிகையின் வாசகங்களைப் படித்த பேச்சிலே பயிற்றப்பட்ட ஓர் இயந்திரத்திடம் தொண்டர்களின் குரல்கள் கொடுக்கப்பட்டன. எவருடைய பேச்சை அவ்வியந்திரம் குறைந்த பிழையோடு விளங்கிக்கொண்டதோ அவர் ஒரு பக்கம் வைக்கப்பட்டார். எவருடைய பேச்சிலே அது மிகுதியாகத் தடுமாறியதோ அவர் மறுபக்கம் வைக்கப்பட்டார். முன்னைய பகுதிக்குத் ‘தெளிவானவை’ எனவும் பின்னைய பகுதிக்கு ‘ஏனையவை’ எனவும் பொருள்படும் பெயர்கள் இடப்பட்டன. தெளிவான பகுதியிலே சராசரியாகப் பதிவின் தரம் உயர்ந்ததென்றும், உச்சரிப்பு அமெரிக்க ஆங்கிலத்துக்கு அணுக்கமானதென்றும் தொகுத்தோரே விளக்கியுள்ளனர்.

ஆய்வாளர்களின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. அவர்கள் தமது தொகுப்பையும் இலவசமாகவே வழங்கினர். வறிய நாடுகளின் மாணவர்களும் அதனாற் பயனடைந்துள்ளனர். ஆனால் நிகழ்ந்ததன் சமூகப் பொருளை நோக்குக. எந்த உச்சரிப்பையும் தாழ்த்துவதில்லை என்னும் விதியின்மேல் எழுப்பப்பட்ட களஞ்சியத்திலிருந்து குரல்களை எடுத்து, உச்சரிப்பின் சாய்வு தோயும் ஒரு வகுப்புப் பிரிவை இயந்திரம் செய்துவிட்டது. மனிதர் கைவிட்ட தராசை இயந்திரம் எடுத்துக்கொண்டது. அத்தராசின் படிக்கல் வணிகப் பத்திரிகையை வாசித்த குரல். தொண்டரின் வீட்டிலே சமமாயிருந்தவர்கள் ஆய்வுகூடத்திலே தெளிவானவரும் ஏனையவரும் ஆயினர். பாவோதல் மேடையின் நடுவரை நாம் விமர்சிக்கலாம், மாற்றலாம். கண்ணுக்குத் தெரியாத இந்நடுவரிடம் யார் முறையிடுவது?

இலங்கையின் வரலாற்றை அறிந்தோர்க்கு மற்றுமொரு நினைவு வராமற் போகாது. கிராமத்தவர் பொதுவிலே பயன்படுத்தி வந்த காட்டுக்கும் மேட்டு நிலத்துக்கும் உறுதிகள் இருக்கவில்லை. உறுதியற்ற அத்தகைய நிலமனைத்தும், மறுதலையாக நிரூபிக்கப்பட்டாலன்றி, முடிக்குரிய நிலமே என 1840 ஆம் ஆண்டின் முடிநிலச் சட்டம் கூறியது. அந்நிலம் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. எல்லோருக்கும் உரியது என்பது எவருக்கும் உரியதன்று என மாற்றிப் பொருள் கொள்ளப்பட்டு, பின்னர் மூலதனமுடையவனுக்கு உரியதாயிற்று. குரலும் நிலமும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். நிலத்தை ஒருவன் எடுத்துக்கொண்டால் மற்றவனுக்கு இல்லை. குரற் பதிவை ஆயிரவர் எடுத்தாலும் அது குறைவதில்லை. கவிதை இன்னமும் அங்கே இலவசமாக ஒலித்துக்கொண்டுதான் இருக்கின்றது. ஆயினும் பொதுவிலே விளைந்ததை அறுவடை செய்யும் வல்லமை யாரிடம் குவிந்துள்ளது என்னும் கேள்வி இரண்டுக்கும் பொதுவானது. பெருங் கணினிகளும் பெருமூலதனமும் உடையவனுக்கே 60,000 மணிநேரக் குரல் ஒரு சொத்து. எம்போன்றோர்க்கு அது கேட்டு முடிக்கவும் இயலாத ஒலி.

இதற்கு விடை என்ன? கதவை அடைத்தல் விடையன்று. குரலுக்கும் பதிப்புரிமை கோரிப் பூட்டிவைத்தால், பாரதிக்காகப் போராடியவர்களின் பக்கத்தை விட்டு உரிமை கோரியவரின் பக்கத்திலே நாம் நிற்பவராவோம். பார்வையற்ற மாணவனும், நூல் வாங்க இயலாத தொழிலாளியும், தூரத்துக் கிராமத்தின் ஆசிரியனும் பெற்றுள்ள நன்மையை வணிகன் ஒருவன் பெறும் இலாபத்துக்காக அழித்தல் பேதைமை. ஆனால் அறிந்து கொடுத்தல் வேறு, அறியாது கொடுத்தல் வேறு. மொசில்லா அமைப்பு 2017 இலே தொடங்கிய பொதுக்குரல் திட்டத்திலே, தமது குரல் இயந்திரத்தைப் பயிற்றவே பயன்படும் என்பதைத் தெரிந்துகொண்டே மக்கள் பேசுகின்றனர். தமது மொழி இயந்திரத்தின் செவிக்கு எட்டவேண்டும் என்னும் விருப்பினாலே தமிழரும் அதிற் பங்குகொண்டுள்ளனர். கவிதைக்கெனக் குரல் கொடுப்பவரும் தமது குரல் எங்கெல்லாம் செல்லக்கூடும் என்பதை முன்னரே அறியச் செய்தல் அமைப்புக்களின் கடமை.

தமிழிலே இப்பணிக்கு வேண்டிய அடித்தளம் இல்லாமல் இல்லை. 1998 ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005 இலே ஈழத்து நூல்களுக்கென எழுந்த நூலகமும் தொண்டர்களின் உழைப்பாலேயே வளர்ந்தன. எழுத்து அங்கே இருக்கின்றது; குரலே வேண்டும். அக்குரலை எவ்வாறு திரட்டுவது என்பதிலே முதலிலிருந்தே தெளிவு வேண்டும் என்பது எமது கருத்து. வானொலிக் குரலைப் பின்பற்றுவோரை மட்டும் தேடாது, வகுப்பறையிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் படிக்கச் செய்தல் வேண்டும். ஒரே பாடலை மட்டக்களப்பு இராகத்திலும், யாழ்ப்பாணத்து இழுவையிலும், மலையகத்து ஓசையிலும், மன்னாரின் ஒலிப்பிலும் அடுத்தடுத்து வைத்தல் வேண்டும். படித்தவரின் ஊரையும், அவர் விரும்பினால் பெயரையும் பதிவோடு சேர்த்தல் வேண்டும். சிறுவராயின் பெற்றோரின் இசைவைப் பெறுதல் வேண்டும். வாசலிலே எவரையும் தடுக்காத அவ்விதியை அப்படியே ஏற்றுக்கொண்டு, அது விட்டுவிட்ட திறனாய்வுப் பணியை ஆசிரியர்கள் கையேற்றல் வேண்டும்.

அமைதியான ஓர் அறையும், ஒரு கணினியும், உழைப்புக்குப் பின் எஞ்சும் ஒருமணி நேரமும் உள்ளவர்க்கே தொண்டு செய்யும் வாய்ப்பு இன்று உண்டு. லயத்தின் ஒற்றை அறையிலே ஆறு பேரோடு வாழும் மாணவிக்கு அவை மூன்றும் இல்லை. பாடசாலையின் நூலகம் மாலையிலே இரண்டு மணிநேரம் திறந்திருக்குமாயின், அங்கே ஓர் ஒலிவாங்கி இருக்குமாயின், அவளுடைய குரலும் அந்தக் களஞ்சியத்திலே சேரும். எந்த இயந்திரம் அவளை ஏனையவர் எனக் கணக்கிட்டாலும், தன் ஊர்ப் பேச்சிலே பாரதியைப் படிக்க அவளுக்குள்ள உரிமை அதனால் குறையாது. அவ்வறையைத் திறந்து வைத்தல் எம்மால் ஆகக்கூடிய காரியம்; அதற்கு எவருடைய அனுமதிக்காகவும் 95 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை.